குழந்தைகளுக்கு டிக்கெட்டே கிடையாது: அங்கோர் வாட் பேக்கேஜில் நாங்கள் ஏமாந்த கதை

குழந்தைகளோடு கம்போடியா போகச் சேலத்தில் டிராவல் ஏஜென்ட் யாரிடமாவது அட்வான்ஸ் கட்டப் போகிறீர்கள் என்றால், ஒரு நாள் பொறுத்து இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஐந்து ரோடு பக்கம், மாடியில், ஏசி போட்ட ஆபீஸ்.

2024 டிசம்பர், அரையாண்டு லீவு. நாங்கள் இரண்டு பேர், பதினொரு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண். நாலு பேருக்கு 3,60,000 ரூபாய். வீட்டுக்காரருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. அரை கிராம் வெள்ளி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர், ஏஜென்ட் கொடுத்த வவுச்சரை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. நானும்தான். அதில் ஒரு வரி: ‘அங்கோர் பாஸ், 3 நாள், 4 பேர், ரூ.24,000’. அங்கோர் வாட்டையும் சுற்றியுள்ள கோயில்களையும் பார்க்க வாங்க வேண்டிய நுழைவுச் சீட்டு அது.

அங்கே டிக்கெட் கவுன்ட்டரில் விலைப் பலகை இருக்கிறது. ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாஸே வேண்டாம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். கவுன்ட்டர் பெண் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எங்கள் இரண்டு பேரை மட்டும் கேமரா முன் நிறுத்திப் படம் எடுத்து, முகம் அச்சடித்த பாஸ் தந்தார்கள். கைடு பணம் கட்டினார். பிள்ளைகள் பசி என்று பிடுங்கியதில் நான் எதையும் படிக்கவில்லை.

ராத்திரி ஓட்டலில் பாஸை எடுத்துப் பார்த்தால், ஒரு நாள் பாஸ்! கைடைப் போனில் பிடித்தோம். “உங்க கம்பெனி எனக்கு ஒரு நாளைக்குத்தான் பணம் அனுப்புனாங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. கவுன்ட்டரிலேயே கவனித்திருந்தால் ஆளுக்கு 25 டாலர் கூடப் போட்டு மூன்று நாள் பாஸாக வாங்கியிருக்கலாம். மறுநாள் மறுபடி 37, 37 கொடுத்தோம். அங்கேயே இருக்கும் தா ப்ரோம் கோயிலில் கல் சுவரைக் கவ்விக்கொண்டிருக்கும் மர வேரைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று பையன் பிடிவாதம். மூன்றாம் நாள் கோயில் பக்கமே போகவில்லை. சேலத்தில் 24,000 வாங்கியவர் எங்களுக்காகக் கட்டியது 74 டாலர், அப்போதைய மதிப்பில் ஆறாயிரத்துச் சொச்சம்.

பணத்தைவிட மனசு நொந்தது முதல் நாள் காலையில். ஏஜென்ட் ஆபீஸில் பெரிய போஸ்டர்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் அங்கோர் வாட்டின் படியில் ஏறுகிறார்கள், கீழே ‘குழந்தைகளுடன் கோபுர உச்சி வரை’. என் பெண் அதைப் பார்த்துத்தான் குதித்தாள். உச்சித் தளத்துக்குப் போகும் படி ஏணி மாதிரி செங்குத்து. கீழே நிற்கும் காவலர் அவள் தலையைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் மேலே விடமாட்டார்கள், விதி. பையனும் போக முடியாது. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி ஏறினோம். நான் இறங்கி வரும்போது அவள் படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அழுத முகத்தோடு தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு இல்லாவிட்டால் பெரியவர்களையும் விடமாட்டார்கள். பௌத்த விரத நாட்களில் அந்தத் தளமே மூடியிருக்கும். இதில் ஒன்றையும் ஏஜென்ட் வாய் திறந்து சொல்லவில்லை.

அவளைத் தேற்றியது கீழ்த்தளத்துப் பாற்கடல் சிற்பம்தான். ஏறக்குறைய 49 மீட்டர் நீளம், வாசுகியைப் பிடித்து இழுக்கும் அசுரர்கள் 92, தேவர்கள் 88. சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டில் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில் என்று கைடு ஆரம்பித்தார். இவள் அதற்குள் நடுவில் ஆமையைக் கண்டுபிடித்து, “கூர்மாவதாரம்” என்று அவருக்கே கதை சொன்னாள். அசுரர்களை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டாள்.

இன்னொன்று. ‘விமான நிலையத்திலிருந்து ஓட்டல் பத்து நிமிடம்’ என்று வவுச்சரில் இருந்தது. அது பழைய ஏர்போர்ட் கணக்கு. 2023 அக்டோபரில் திறந்த புதிய ஏர்போர்ட், ஓட்டல் இருக்கும் சியெம் ரீப் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுவதைவிடத் தூரம், கொண்டை ஊசி வளைவு இல்லாதது ஒன்றுதான் மிச்சம். வண்டிக்கும் தனியாகக் கொடுத்தோம்.

சேலம் வந்து பாஸ் காசைப் பற்றி ஏஜென்ட்டிடம் கேட்டால், “அக்கா, அது சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்துதான்க்கா” என்கிறார். சரி, வவுச்சரில் ஏன் 4 பேர் என்று போட்டீர்கள்? பதில் இல்லை. அப்புறம் டிசிஎஸ், அதாவது விற்பவரே நம்மிடம் வசூலித்து நம் பேரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி. வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு அப்போது 5 சதவீதம் என்று 18,000 தனியாக வாங்கியிருந்தார். வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாமே என்று நம் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். எங்கள் பான் எண்ணில் அப்படி ஒரு பைசா ஏறவில்லை. பேக்கேஜ் எடுத்த யாரும் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், ரசீதில் டிசிஎஸ் தனி வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தபிறகு குழந்தைகள் பாஸுக்கு வாங்கிய 12,000 ஜிபேயில் வந்தது. 18,000 வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

போன வாரம் கையெழுத்து ஒன்றுக்காக அந்த மாடி ஏறினேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று உட்கார்ந்திருந்தது, மடியில் கைக்குழந்தையோடு அந்தப் பெண்ணின் அக்கா. போஸ்டர் அதே இடத்தில் இருந்தது. “பாப்பாவுக்கும் பாஸ் போட்டுடலாம்க்கா” என்று ஏஜென்ட் சொல்லிக்கொண்டிருந்தார்.