கம்பத்துலேந்து மலையேறி வந்து ரெய்டு டிஸ்க் மாத்திக் குடுத்தவரு, 5க்கு 4 ஸ்டார்

கடை பேர போடாதீங்கன்னு அவரே சொல்லிட்டாரு, வர்ற வேலைய முடிக்கவே ஆள் பத்தலயாம். அதனால கம்பத்துல ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைன்னு மட்டும் வெச்சுக்கோங்க. வாசல்ல பழைய பிரிண்டரா அடுக்கி வெச்சிருப்பாங்க, அவரு உள்ள ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு, நம்மள நிமிந்து கூட பாக்க மாட்டாரு.

நான் குமுளியில ஒரு ஏலக்கா வியாபார ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். புத்தடியிலயும் போடியிலயும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்குப் போற சரக்கு, எஸ்டேட்காரங்களுக்குக் குடுக்க வேண்டிய பாக்கி, டேலி எல்லாம் ஒரே சர்வர்லதான். 2 டிபி டிஸ்க் 4, ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாத மாதிரி நாலையும் ஒண்ணா சேத்து வெக்கற ரெய்டு 5 முறையில. அந்த சர்வர் ஐப்பசி மழையில ஒரு நாள் கரண்ட் வந்து வந்து போனதுக்கப்புறம் கீ... கீ...ன்னு கத்த ஆரம்பிச்சுது. யுபிஎஸ்தான் கத்துதுன்னு நெனச்சு நாங்க ரூம் கதவ சாத்திட்டு ரெண்டு நாள் வேல பாத்தோம். ஆமா, ரெண்டு நாள். மூணாவது நாள் உள்ள போய் பாத்தா ஒரு டிஸ்க்ல பச்ச லைட்டுக்கு பதிலா மஞ்ச லைட்டு.

ரெய்டுன்னா என்னன்னு எனக்கு அதுவரைக்கும் சரியா தெரியாது, இவருதான் நம்ம பாஷையில சொன்னாரு. மூணு மூட்டையோட எடைய எழுதி கீழ கூட்டுத்தொகையும் எழுதி வெக்கறீங்க, மழையில ஒரு மூட்டையோட எடை மட்டும் அழிஞ்சு போச்சு, கூட்டுத்தொகையிலேந்து மத்த ரெண்டையும் கழிச்சா அது திரும்ப கெடச்சிடும்ல, அவ்ளோதான். அதனாலதான் 8 டிபிக்கு காசு குடுத்தாலும் 6 டிபிதான் கைக்கு வருது, ஒரு டிஸ்க் அளவு எடம் இந்தக் கணக்குக்கே போயிடுது. ஆனா ரெண்டு எடை அழிஞ்சா? போச்சு. அந்த ரெண்டு நாள நெனச்சு எனக்கு அப்பத்தான் வயித்த கலக்குச்சு.

இவர கூப்பிடறதுக்கு முன்னாடி நாங்க பண்ணின கோமாளித்தனத்தயும் சொல்லிடறேன். ஆன்லைன்ல ஒரு கடையில (பேரு வேணாம்) புதுசுன்னு போட்டிருந்தான், சர்வர் டிஸ்க், வெல ரொம்ப கம்மி, முதலாளி ஒடனே ஆர்டர் போட்டுட்டாரு. சீல் பண்ணின கவர்லதான் வந்துச்சு. அடுத்தது இன்னும் மோசம், சர்வர் ஸ்கிரீன்ல டிஸ்க் 2 ஃபெயில்னு இருக்கு, முதலாளியோட அக்கா பையன் எடது பக்கத்துலேந்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி ரெண்டாவத உருவப் போயிட்டான். அதுல பச்ச லைட்டு எரியுதேடான்னு எங்க ஆபீஸ்ல பில்லு போடற சேச்சி கத்தினதுனால கைய எடுத்தான். அங்க எண்ணிக்கை 0லேந்து ஆரம்பிக்குது! டிஸ்க் 2ன்னா மூணாவது டிஸ்க். அவன் மட்டும் இழுத்திருந்தா சர்வர் அங்கயே படுத்திருக்கும், அந்த சீசன் கணக்கு மொத்தமும் போயிருக்கும்.

அதுக்கப்புறந்தான் இவருக்கு போன். காலையில 11 மணிக்கு வரேன்னவரு வந்தது 2 மணிக்கு மேல. கார்த்திகை பொறந்தாச்சு, ஐயப்ப சாமி வண்டிங்கள கம்பம்மெட்டு வழியா திருப்பி விட்டுட்டாங்க, அதுல மாட்டிக்கிட்டேன்னாரு. சரி, ஒரு போன் பண்ணி சொல்லியிருக்கலாம்ல.

வந்ததும் டிஸ்க்க தொடவே இல்ல. மொதல்ல டேலி டேட்டாவையும் ஏல ஃபைலையும் வெளி டிஸ்க்ல காப்பி எடுத்தாரு, எடுத்தத அவரோட லேப்டாப்ல தெறந்து எங்கள ஒரு லெட்ஜர் பாக்கச் சொன்னாரு. தெறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லண்ணே, ரெய்டு இருக்குங்கறதுக்காக பேக்கப் எடுக்காம இருக்கறவங்கதான் கடைசியில என்கிட்ட அழுதுட்டு வருவாங்கன்னாரு. அவரு வாயத் தெறந்து நீளமா பேசினது அது ஒண்ணுதான்.

அப்புறம் நாங்க வாங்கின "புது" டிஸ்க்க லேப்டாப்ல மாட்டி, டிஸ்க் தன்னோட நெலமைய தானே குறிச்சு வெக்கற ஸ்மார்ட் ரிப்போர்ட்ட எடுத்து ஸ்கிரீன என் பக்கம் திருப்பிக் காட்டினாரு. ஓடின நேரம் 21,000 மணிக்கு மேல! கணக்கு போட்டு பாத்தேன், கிட்டத்தட்ட ரெண்டரை வருஷம் வேற எங்கயோ ராத்திரி பகலா ஓடி ரிட்டையர் ஆனது, ஸ்டிக்கர் மட்டும் புதுசு. ரிட்டர்ன் போடுங்கன்னு ஓரமா வெச்சுட்டாரு. வீட்டு கம்ப்யூட்டர்ல போடற சாதா டிஸ்க் போதாதான்னு முதலாளி கேட்டாரு. படிக்க முடியாத எடம் வந்தா சாதா டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டே இருக்குமாம், டிஸ்க் எல்லாத்தயும் சேத்து நடத்தற ரெய்டு கார்டு பொறும இல்லாம அது செத்துப் போச்சுன்னு தள்ளி வெச்சிடுமாம், சர்வர் டிஸ்க்னா ஏழு செகண்ட் மாதிரி பாத்துட்டு முடியலன்னு சொல்லிடும், மிச்சத்த கார்டு பாத்துக்கும். அவரே ஒண்ணு கொண்டு வந்திருந்தாரு, அதுலயும் ஓடின நேரம் 0ன்னு எங்களுக்கு காட்டிட்டுத்தான் மாட்டினாரு.

கழட்டும்போதும் அவசரப்படல. சாஃப்ட்வேர்லேந்து அந்த டிஸ்க்கோட லைட்ட மட்டும் மினுக்க விட்டாரு, ஸ்கிரீன்ல இருந்த சீரியல் நம்பர என்னைய சத்தமா படிக்கச் சொன்னாரு, டிஸ்க்க ஆஃப்லைன் பண்ணிட்டு ட்ரேயோட மெதுவா ஒரு இஞ்ச் மட்டும் இழுத்து, சுத்தறது நிக்கற வரைக்கும் கைய வெச்சுக்கிட்டு நின்னாரு. சர்வர ஆஃப் பண்ணவே இல்ல, பக்கத்து ரூம்ல சேச்சி பில்லு போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. நம்பர் சரியா இருக்கான்னு இன்னொரு தடவ பாத்துட்டு, நாலு ஸ்க்ரூ மாத்தி, புதுச உள்ள தள்ளினதும் டக்குன்னு ஒரு சத்தம், லைட்டு மினுக்க ஆரம்பிச்சுது. "டேட்டா ஒந்நும் போயிட்டில்லல்லோ?"ன்னு சேச்சி எட்டிப் பாத்து கேட்டாங்க. இல்ல சேச்சின்னு தலைய மட்டும் ஆட்டினாரு.

ரீபில்டு, அதாவது மத்த மூணு டிஸ்க்லேந்து கணக்கு போட்டு புதுச நெரப்பற வேல, 5:40க்கு ஆரம்பிச்சுது. 9 மணிக்கு நான் பாக்கும்போது 38 சதவீதம். இந்த நேரத்துலதான் மத்த பழைய டிஸ்க் மேல முழு லோடும் விழும், நாலும் ஒண்ணா வாங்கி ஒண்ணா ஓடினது, இன்னொண்ணும் இப்பவே போகலாம், அதுக்குத்தான் மொதல்ல காப்பின்னு கெளம்பும்போது சொல்லிட்டு போனாரு. நல்லா தூங்க விட்டாரு மனுஷன்! காலையில 7 மணிக்கு முன்னாடியே போய் கதவ தெறந்தேன், நாலும் பச்ச.

டிஸ்க் 11,800, கூலி 1,500, வண்டிக்கு 300. கூலி கம்மிதான், மதுரையிலேந்து ஆள் கூப்பிட்டா வர்ற செலவே இதுக்கு மேல ஆகியிருக்கும். ஒரு ஸ்டார் கொறச்சது லேட்டா வந்ததுக்கு இல்ல, பில்லுக்கு. கட தமிழ்நாட்டுல, ஆபீஸ் கேரளாவுல, வெளி மாநிலத்துக்கான ஐஜிஎஸ்டி வரி போட வேண்டிய எடத்துல உள் மாநிலத்துக்கான சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டின்னு போட்டு குடுத்துட்டாரு, ஆடிட்டர் திருப்பி விட்டுட்டாரு. மூணு தடவ போன் பண்ணிட்டேன், இதோ அனுப்பறேண்ணேங்கறாரு. வந்ததும் அஞ்சாவது ஸ்டார போட்டுடறேன்.