உகாண்டாவில் தத்து எடுக்கப் போகிறீர்களா? பணம் அனுப்புவதற்கு முன் படியுங்கள்

உகாண்டாவில் ஆறே மாதத்தில் குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் அவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். 2016இல் அங்கே குழந்தைகள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர் தத்தெடுக்க வேண்டுமானால் குறைந்தது ஒரு வருடம் அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும், மாவட்ட ப்ரொபேஷன் அதிகாரியின் (அங்கே குழந்தைகள் நலனைப் பார்க்கும் அரசு அதிகாரி) மேற்பார்வையில் ஒரு வருடம் அந்தக் குழந்தையை வளர்த்திருக்கவும் வேண்டும். விசேஷ சூழ்நிலை என்றால் கோர்ட் இதைத் தளர்த்தலாம் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. ஏஜென்ட்டுகள் கடை விரித்திருப்பது அந்த ஒரு வரியில்தான். "உங்க கேஸ் ஸ்பெஷல் கேஸ், அதெல்லாம் நம்ம வக்கீல் பாத்துக்குவார்."

துபாயில் இருக்கும் எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு இப்போது இதே பேச்சோடு ஒரு பி.டி.எஃப் வந்திருக்கிறது, முன்பணமும் கேட்டிருக்கிறார்கள். ஏஜென்சியின் பெயர்தான் புதுசு, உள்ளே இருக்கும் வாசகமெல்லாம் 2015இல் எங்களுக்கு வந்ததுதான். அதனால்தான் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் டெக்சாஸில் இருந்தோம். இருவரும் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியாகிவிட்டது. இந்தியாவில் காரா (CARA, தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) வழியாகப் போனால் காத்திருப்பு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் ஏஜென்சியில் பேசிய அம்மா உகாண்டா என்றால் சுலபம் என்றார். பழைய சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே தத்தெடுக்க மூன்று வருடம் குடியிருந்திருக்க வேண்டும். ஆனால் யாரும் அந்த வழியில் போகவில்லை. கம்பாலா ஹைகோர்ட்டில் கார்டியன்ஷிப் உத்தரவு, அதாவது குழந்தைக்கு நாம்தான் காப்பாளர் என்ற உத்தரவு, ஒன்றை வாங்கிக் குழந்தையை அமெரிக்காவுக்குக் கூட்டிவந்து, தத்தெடுப்பை அமெரிக்காவிலேயே முடித்துக்கொள்வதுதான் வழக்கம். அன்றைக்கு அது சட்டவிரோதம் இல்லை.

ஏஜென்சி ஃபீஸ், ப்ரோக்ராம் ஃபீஸ், ஹோம் ஸ்டடி (நம் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுதும் அறிக்கை), வக்கீல், காப்பகத்துக்கு 'நன்கொடை' என்று மொத்தம் 30,000 டாலருக்கு மேல் போனது. இதில் வக்கீல் பணமும் நன்கொடையும் ரொக்கமாக வேண்டும், அதுவும் மடிப்பில்லாத புது நூறு டாலர் நோட்டாக வேண்டும் என்றார்கள். உகாண்டாவில் பழைய டாலர் நோட்டை மாற்ற மாட்டார்கள், மாற்றினாலும் குறைத்துத்தான் கொடுப்பார்கள், அது உண்மைதான். ஆனால் ரசீதுக்கும் நோட்டின் வயதுக்கும் என்ன சம்பந்தம்? ரசீது கேட்ட ஒவ்வொரு தடவையும் எங்களுக்குக் கிடைத்தது அந்த டாலர் கதைதான்.

எங்களுக்கு வந்த ரெஃபரல், அதாவது உங்களுக்கு இந்தக் குழந்தை என்று ஏஜென்சி அனுப்பும் விவரத்தாள், இரண்டு பக்கம். பெண் குழந்தை, வயது நாலு, அம்மா இறந்துவிட்டார், அப்பா யாரென்று தெரியாது, உறவுகள் இல்லை. கூடவே ஊர்த்தலைவர் கொடுத்த கடிதம், அங்கே எல்.சி. 1 சேர்மன் என்பார்கள், ஊதா முத்திரையோடு. போட்டோவில் குழந்தை வாயை மூடிக்கொண்டு நின்றது.

ஜிஞ்சாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் காப்பகத்தில் அவளை நேரில் பார்த்தபோது சிரித்தாள். முன்னால் இரண்டு பற்கள் இல்லை. கீழே விழுந்து உடைந்ததோ என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், ஈறில் புதுப் பல்லின் வெள்ளை நுனி எட்டிப் பார்க்கிறது. நாலு வயதுக் குழந்தைக்கு எங்கேயாவது பால்பல் விழுந்து முளைக்குமா? என் வீட்டுக்காரர் காப்பகத்தை நடத்திய பாஸ்டரிடம் கேட்டார். "இங்கே பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடும்" என்று சிரித்தார். வயது குறைவான குழந்தைக்குத்தான் கேட்பவர்கள் அதிகம் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. நீலப் பெயின்ட், மேலே வெள்ளையில் அவள் பெயர். உகாண்டாவில் ஹாஸ்டல் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பெட்டியைத்தான் எடுத்துப்போவார்கள், தெருக்கடையில் பெயர் எழுதியே விற்பார்கள். அனாதைக் குழந்தைக்கு இதை யார் வாங்கிக் கொடுத்தது என்று பாஸ்டரின் மனைவியிடம் கேட்டேன், யாரோ தானம் கொடுத்தது என்றார். தானம் கொடுத்தவர் பெயர் எழுதியா கொடுத்தார்?

எங்கள் டிரைவர் அந்தப் பக்கத்துக்காரர், லுசோகா பேசுவார். ஒரு மத்தியானம் காரில் போகும்போது அவரிடம் அவள் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை, வண்டியை ஓரம் கட்டிவிட்டார். என்ன கேட்டாள் என்றால், "டெர்ம் எப்போ முடியும், வீட்டுக்கு எப்போ அனுப்புவாங்க"ன்னு கேட்கிறாள் மேடம், என்றார். அவளைப் பொறுத்தவரை அது ஹாஸ்டல். லீவு விட்டால் அம்மாவிடம் போகலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

ஏஜென்சிக்குச் சொல்லாமல் டிரைவரோடு அந்தக் கிராமத்துக்குப் போனோம். கமுலி பக்கம், இரண்டு புறமும் கரும்பு, செம்மண் ரோடு. கடிதத்தில் இருந்த ஊரின் சேர்மனைத் தேடிப்பிடித்துக் காகிதத்தைக் காட்டினால், அது அவர் கையெழுத்தே இல்லை. முத்திரையில் இருந்தது வேறு ஊர் பெயர், அதையும் அவர்தான் காட்டினார். அப்புறம் அவரே எங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். இறந்துபோனதாக எழுதியிருந்த அம்மா வாசலில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறோம் என்று நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ரிப்போர்ட் கார்டு கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

பாஸ்டரின் ஆள் ஒருவர் வந்து, வெளிநாட்டு ஸ்பான்சர் கிடைத்திருக்கிறார், பெரிய பள்ளியில் படிக்க வைப்போம், லீவில் வந்துவிடுவாள் என்று சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் இருந்த ஒரு தாளில் கைநாட்டு வாங்கியிருக்கிறார். அந்தத் தாளின் நகல் எங்கள் ஃபைலிலேயே இருந்தது, குழந்தையை நிரந்தரமாக ஒப்படைக்கிறேன் என்று 'பாட்டி' கைநாட்டு வைத்ததாக. உறவே இல்லை என்று ரெஃபரலில் எழுதிவிட்டு பாட்டியிடம் கைநாட்டு வாங்கினால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்றுகூட அந்த வக்கீல் பார்த்திருக்கவில்லை.

வக்கீலிடம் கேட்டதற்கு, "அம்மா இருந்தால் என்ன, ஏழை அம்மாதானே, சம்மதக் கடிதம் வாங்கித் திரும்பத் தாக்கல் செய்யலாம், கூடுதலாக 1,500 டாலர் ஆகும்" என்றார். ஏஜென்சி அம்மா அழுதார். அழுது முடித்துவிட்டு, இதே காப்பகத்தில் இன்னொரு குழந்தை இருக்கிறது, நாளைக்கே ரெஃபரல் அனுப்பட்டுமா என்றார். கடையில் சட்டையை மாற்றிக் கேட்டால்கூட ஒரு நிமிடம் முகம் சுளிப்பார்கள்.

நாங்கள் கேஸை வாபஸ் வாங்கினோம். குழந்தையை நாமே கூட்டிப்போய் அம்மாவிடம் விட்டுவிட முடியாது, மாவட்ட ப்ரொபேஷன் அதிகாரி வந்துதான் அவளைக் காப்பகத்திலிருந்து எழுதி எடுத்தார். பாஸ்டர் அவரிடமும் சண்டை போட்டார், இத்தனை மாதம் சாப்பாடு போட்ட செலவை யார் தருவார் என்று. பெட்டியும் அவளோடு போனது. எங்கள் பணத்தில் ஒரு டாலர்கூடத் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் எல்லாமே 'நன்கொடை' என்று இருந்ததாம். புகார் எழுதினோம், பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

இது ஏதோ எங்களுக்கு மட்டும் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்டில் அமெரிக்க நிதித்துறை உகாண்டாவின் நீதிபதிகள் இருவர் மீதும் ஒரு வக்கீல் மீதும் அவர் கணவர் மீதும் தத்து மோசடிக்காகத் தடை விதித்தது. கிராமத்துப் பெற்றோரிடம் கம்பாலாவில் படிக்க வைப்பதாகச் சொல்லிப் பிள்ளைகளை வாங்கியிருக்கிறார்கள் என்பதுதான் அதிலும் குற்றச்சாட்டு. எத்தியோப்பியா 2018இல் வெளிநாட்டுத் தத்தையே நிறுத்திவிட்டது. காங்கோ ஜனநாயகக் குடியரசு 2013 செப்டம்பரில் குழந்தைகளுக்கு நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியை நிறுத்தியபோது, கோர்ட் உத்தரவு கையில் இருந்த குடும்பங்கள்கூட வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டன. 'அனாதை' என்ற கணக்கையும் பார்த்துப் படியுங்கள். 2015இல் உலகத்தில் கிட்டத்தட்ட 14 கோடி அனாதைகள் என்றது யூனிசெஃப். அம்மா, அப்பா இருவரையும் இழந்தவர்கள் அதில் ஒன்றரைக் கோடிதான். மற்றவர்களுக்கு ஒருவராவது உயிரோடு இருக்கிறார்.

ஏஜென்சி எவ்வளவு நல்லவர்களாகப் பேசினாலும், குழந்தையின் ஊருக்கு அவர்கள் ஏற்பாடு செய்யாத வண்டியில், அவர்கள் கொடுக்காத மொழிபெயர்ப்பாளரோடு போய்ப் பாருங்கள். போகக்கூடாது, பாதுகாப்பு இல்லை, குழந்தையின் மனசு பாதிக்கும் என்பார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். ப்ரொபேஷன் அதிகாரியின் அறிக்கையை வக்கீல் கையிலிருந்து வாங்காமல், அந்த ஆபீஸுக்கே போய் அவர்தான் எழுதினாரா என்று கேளுங்கள். தனி ஆள் பெயருக்கு வெஸ்டர்ன் யூனியனில் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள், 2014 ஜூலையிலிருந்து எந்த நாட்டுத் தத்துக்கும் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி கட்டாயம் என்பதால், பெயர் வெளியுறவுத் துறைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள் (எங்களுடையது இருந்தது, அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள்). இந்திய பாஸ்போர்ட்காரர்கள் முதலில் காராவிடம் பேசுங்கள். உகாண்டாவில் கோர்ட் உத்தரவு கிடைத்தாலும் குழந்தையிடம் இருக்கப்போவது உகாண்டா பாஸ்போர்ட், இந்தியாவுக்குக் கூட்டிவர விசா வேண்டும், தத்து முறைப்படி நடந்ததா என்று தூதரகம் கேட்கும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் உடன்படிக்கையில் உகாண்டா சேராத நாடு. அதாவது, இரண்டு நாட்டு அரசும் உட்கார்ந்து ஃபைலைச் சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது.

அந்த வருடங்களில் கார்டியன்ஷிப் உத்தரவோடு குழந்தையைக் கூட்டிவந்து வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஃபைலை எடுத்து எல்.சி. கடிதத்தின் முத்திரையில் எந்த ஊர் இருக்கிறது, கைநாட்டு யாருடையது என்று எழுதியிருக்கிறது, இரண்டு காகிதத்திலும் ஒரே கதைதானா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த மாவட்ட ப்ரொபேஷன் ஆபீஸுக்கு நேரடியாக எழுதுங்கள், பழைய ஏஜென்சி வழியாக வேண்டாம்.