ஏழு வருஷ மைலேஜ் நோட்டும் சர்வீஸ் நாள் கணக்கும்

போன வாரம் சித்தப்பா பையன் கூப்பிட்டான். "அண்ணா, சர்வீஸ் விட்டு எடுத்ததுலேர்ந்து வண்டி பெட்ரோல் குடிக்குது. பதினேழு குடுத்துட்டிருந்தது, இப்ப பதினாலுதான் வருது. என்னத்த பண்ணிவெச்சாங்களோ!" எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேட்டேன். சர்வீஸுக்கு ஒரு வாரம் முன்னால் டேங்கை ஃபுல் பண்ணியிருக்கிறான். வண்டி ரெண்டு நாள் சர்வீஸ் சென்டரில் நின்றிருக்கிறது. எடுத்த பிறகு கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி ஃபுல். மொத்தத்தையும் போட்டு வகுத்துவிட்டான். "அந்தக் கணக்கு செல்லாதுடா தம்பி" என்றேன். ஏன் செல்லாது என்று சொல்வதற்குள் தோசை ஆறிவிடும் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 2018 மாடல் கார், 1200 சிசி பெட்ரோல், கியர் வண்டி. ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெறும்பூருக்கு வேலைக்குப் போய் வருவதுதான் முக்கால்வாசி ஓட்டம். வாங்கிய நாளிலிருந்து ஒரு நீள நோட்டு வண்டியிலேயே கிடக்கிறது. டேங்கை ஃபுல் பண்ணும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. தேதி, ஓடோமீட்டர், லிட்டர், பங்க் என்று நாலு கட்டம். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தை வேலைக்காக மூடியபோது பைபாஸ் சுற்றிப் போன மாதங்கள்கூட அதில் தெரியும். அப்போது மைலேஜ் அரைப் புள்ளி ஏறியிருக்கிறது, பெட்ரோல் செலவும் ஏறியிருக்கிறது.

இவ்வளவு ஒழுங்காக எழுதியும் வருஷத்துக்கு ஒரு வரி மட்டும் நாறிப்போகும். அது சர்வீஸ் வரி.

வண்டியை விடும்போது ஓடோ எவ்வளவு என்பது ஜாப் கார்டில், அதாவது சென்டரில் எழுதும் வேலைச் சீட்டில், இருக்கும். பெட்ரோல் எவ்வளவு என்பதற்கு, வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் ஒரு பொம்மை மீட்டரில் பேனாவால் கோடு கிழிப்பார். அரை டேங்க் என்பார், முக்கால் என்பார். அந்தக் கோட்டின் தடிமனிலேயே ரெண்டு லிட்டர் ஒளிந்துகொள்ளும். உள்ளே போனபின் டெஸ்ட் டிரைவ் உண்டு, ஸ்கேனர் மாட்டி என்ஜினை ஓடவிடுவது உண்டு, வாட்டர் வாஷுக்கு வரிசையில் நகர்த்துவது உண்டு. கிலோமீட்டர் ஏறாமல் பெட்ரோல் இறங்கும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் டிரிப் மீட்டரும் ஸ்கிரீனில் காட்டும் சராசரியும் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். ஒருமுறை சாயங்காலம் ஆறரைக்கு வண்டியை எடுத்தேன், டேஷ்போர்டுக் கடிகாரம் 1:47 என்றது. அட்வைசரோ ஸ்கிரீனைத் தட்டி, "பாருங்க சார், மைலேஜ் பத்தொன்பதுக்கு ஏறிடுச்சு" என்றார். அவர்கள் நாலாவது கியரில் ஒரு ரவுண்டு போய் வந்த சராசரி அது. அதை எனக்கே விற்றார்.

இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். சர்வீஸுக்குப் போகும் வழியில், சென்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னால் இருக்கும் பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை, அதாவது டேங்க் நிரம்பி நாஸில் தானாக நிற்கும்வரை, ஃபுல். வண்டியை எடுத்ததும் நேராக அதே பங்க், முடிந்தால் அதே நாஸில், மறுபடி ஃபுல். நடுவில் போனதை நோட்டில் தனி வரியாக எழுதி, பக்கத்தில் 'ச' என்று போட்டு, சராசரியில் சேர்க்காமல் விட்டுவிடுவேன். பணம் ஒன்றும் கூடுதலாகப் போகாது, எப்படியும் போடப்போகிற பெட்ரோல்தானே. பங்க்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். அவ்வளவுதான்.

அந்தப் பார்வையே எனக்கு வினையாக முடிந்த கதையும் உண்டு. 2023-இல் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ். முன்னால் ஃபுல், பின்னால் ஃபுல். நடுவில் ஓடியது 13 கிலோமீட்டர், போட்ட பெட்ரோல் 2.4 லிட்டர். முக்கால் லிட்டருக்கு மேல் போயிருக்கவே கூடாது. ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் காலையில் நேரில் போய் அந்த அட்வைசரை, நாலு கஸ்டமர் முன்னால், "டியூப் போட்டு உறிஞ்சிட்டீங்களா?" என்று கேட்டேன். சின்னப் பையன். முகம் சுருங்கிப்போயிற்று.

அடுத்த தடவை பெட்ரோல் போட்டபோது 17.8 வந்தது. என் வண்டி அந்தச் சாலையில் அப்படிக் கொடுத்ததே இல்லை, 16.7 கொடுத்தாலே அதிகம். ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பழைய பில்லைத் தேடி எடுத்தேன். தொகை 250.00. ஆட்டோ கட் ஒருநாளும் இப்படி முழு எண்ணில் வந்து நிற்காது. அன்று நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். எண்பது ரூபாய் சில்லறையில் கட் ஆனதும், இதற்கா ஒரு பில் என்று பங்க்காரர் கையால் அமுக்கி அமுக்கி ரவுண்டு பண்ணிவிட்டிருக்கிறார். 'காணாமல் போன' ஒன்றரை லிட்டர் என் டேங்கின் கழுத்தில்தான் இருந்தது.

தம்பிக்கு நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். சர்வீஸ் வரி மோசமாக வந்தால் உடனே சண்டைக்குப் போகாதே, அதற்கு முந்தைய வரியையும் அடுத்த வரியையும் பார். பங்கில் கூடக்குறைய நிரப்பியதால் வந்த பிழை என்றால், பக்கத்து வரிகளில் ஒன்று காரணமில்லாமல் நல்ல மைலேஜ் காட்டும். அங்கே கூடியது இங்கே குறைந்திருக்கும். ஆனால் எரிந்துபோன பெட்ரோல், அல்லது எடுக்கப்பட்ட பெட்ரோல், எந்த வரியிலும் திரும்பி வராது. அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று அடுத்த சர்வீஸுக்குப் போனபோது அவன் வேலையை விட்டுவிட்டிருந்தான்.

ஓடோமீட்டரும் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் டயர் மாற்றப் போனேன். 165/80 ஆர்14 ஸ்டாக் இல்லை, "175/70 போடுங்க சார், கிரிப் நல்லாருக்கும்" என்றார்கள். போட்டேன். மைலேஜ் மூன்று சதவீதம் ஏறியது, எனக்கு ஒரே சந்தோஷம். மதுரைக்குப் போகும்போது நான்குவழிச் சாலையில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டே போனேன். முப்பது கல் தாண்டியபோது ஓடோ முப்பத்தொன்றுக்கு வந்திருந்தது. விட்டக் கணக்குப் போட்டால் பழைய டயர் சுமார் 620 மில்லிமீட்டர், புதியது 601. சக்கரம் சின்னதானால் கூடுதல் சுற்று சுற்றும், ஓடோ அதையெல்லாம் தூரமாக எழுதிக்கொள்ளும். அந்த டயர் தேயும்வரை ஒவ்வொரு வரியையும் 0.97-ஆல் பெருக்கித்தான் எழுதினேன். மனைவி அப்போது என்னைப் பார்த்த பார்வைக்கு பங்க்காரர் எவ்வளவோ தேவலை.

சரி, இத்தனை பைத்தியத்துக்கும் ஒரு பலன் வேண்டாமா? போன வருஷம் எழுபதாயிரம் சர்வீஸில் கிடைத்தது. பின் பிரேக் கிளீனிங், ஹேண்ட்பிரேக் டைட் என்று பில்லில் இருந்தது. 'ச' வரி சாதாரணம். ஆனால் அதற்கடுத்த வரி 14.6, அதற்கும் அடுத்தது 14.4. அட்வைசரிடம் போனேன். "எத்தனால் சார், எல்லா வண்டிக்கும் இதான்" என்றார். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் மைலேஜ் குறைவது உண்மைதான், என் நோட்டிலேயே இருக்கிறது. இருபது சதவீதக் கலப்புக்கு என் காலத்து வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் எனக்கு அது மாதக்கணக்கில் 16.7-லிருந்து 16.1-க்கு மெல்ல இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. இதுவோ சர்வீஸ் தேதியன்று கத்தியால் வெட்டினமாதிரி ஒன்றரைப் புள்ளி. நோட்டைத் திருப்பி அவர் மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் படிக்கவில்லை. பக்கத்தில் நின்ற வயதான மெக்கானிக் படித்தார். ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கி முன் ரிம்மில் கை வைத்தார், வெதுவெதுப்பு. பின் ரிம்மில் வைத்தார், வெடுக்கென்று எடுத்துவிட்டார். "பிரேக் ஷூ ஒட்டிக்கிட்டே ஓடுது தம்பி. டைட் வெச்சவன் கொஞ்சம் அதிகமா வெச்சுட்டான்." அரை மணி நேர வேலை, காசு வாங்கவில்லை. அடுத்த வரி 16.0. அன்றைக்கு அந்த நோட்டைக் கொண்டுபோய் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம்.

இப்போது போன மாத எண்பதாயிரம் சர்வீஸ். 13 கிலோமீட்டர், 3.6 லிட்டர். இந்தத் தடவை நாஸிலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ரவுண்டு கிடையாது. முந்தைய வரி 16.1, அடுத்த வரி 16.0. ஆக 2.8 லிட்டர் போனது போனதுதான். கேட்டதற்கு, "ஏசி செக் பண்ணோம் சார்" என்றார்கள். கூலிங் கம்மி என்று ஜாப் கார்டில் எழுதச் சொன்னதும் நான்தான். ஏசியோடு நின்ற இடத்தில் ஓடினால் இந்த அளவு என்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். அப்படியானால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். மதிய வெயிலில் என் வண்டிக்குள் ஏசி போட்டுக்கொண்டு யாராவது சாப்பிட்டிருக்கலாம். சாப்பிடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கூலிங் இன்னும் கம்மியாகத்தானே இருக்கிறது? அதுதான் எரிகிறது.

அந்த சென்டருக்கு ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் கொடுப்பேன், அதற்கு மேல் மனசு வரவில்லை. அடுத்த சர்வீஸும் அங்கேதான். அந்த மெக்கானிக் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

நேற்று ராத்திரி தம்பி தன் பெட்ரோல் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தொகை 2,000.00. போடும்போது நாஸிலைப் பார்த்தாயா, போனைப் பார்த்தாயா என்று கேட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.