பழைய லேப்டாப்பில் புது ஸ்டிக்கர்: பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். நேர்மையாக வியாபாரம் செய்கிற கடைகள் அங்கே நிறைய உண்டு. என் அக்காவுக்கு வாய்த்தது அப்படிப்பட்ட கடை இல்லை.

அக்கா மகள் பி.காம். படிக்கிறாள். நோட்ஸ், ஆன்லைன் வகுப்பு, ஃபீஸ் கட்டுவது எல்லாம் போனிலேயே நடந்துகொண்டிருந்தது. கணக்கு எழுதும் மென்பொருளான டேலி பழக வேண்டும் என்றதும்தான் லேப்டாப் பேச்சு வந்தது. டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது, போனில் போட முடியாது. "ஐ5, எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், காலேஜ் முடிக்கிற வரைக்கும் கவலையே இல்லைம்மா" என்று சொல்லி 16,000 ரூபாய் வாங்கிக்கொண்டார் கடைக்காரர். அதற்கேற்ற ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. பில்லில் இருந்தது "லேப்டாப் - 1", அவ்வளவுதான்.

சார்ஜரைக் கழற்றினால் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பார்த்தேன். பிராசஸர், அதாவது லேப்டாப்பின் மூளையான சிப், ஐ5-3320எம். 2012இல் வந்தது, மூன்றாவது ஜெனரேஷன். ஸ்டிக்கர் மட்டும்தான் எட்டாவது! கோட்டுக்கு அப்புறம் வருகிற எண்ணைப் பாருங்கள்: 3320 என்றால் மூன்று, 8250 என்றால் எட்டு, 1135 என்றால் பதினொன்று.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாவது ஜெனரேஷனாவது வேண்டும். இந்த மெஷினில், மெஷின் பொருத்தமா என்று விண்டோஸ் 11 பார்க்கிற சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11ஐத் திணித்திருக்கிறார்கள். அப்படிப் போட்டால் பாதுகாப்பு அப்டேட்கூட வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் வேலையை இதில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனோம். "செகண்ட்ஸ்னா இப்படித்தான் சார், பேட்டரிக்கு வாரண்டி கிடையாது" என்றார். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதற்கு, "எங்களுக்கு வந்ததே அப்படித்தான்." பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியையும் காட்டினார். அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படியே.

யுபிஐ, ரயில் டிக்கெட், டிஜிலாக்கர், கடிதம் அடிப்பது இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால், போன் போதும். நிறைய டைப் செய்பவர்கள் ஒரு ப்ளூடூத் கீபோர்டு வாங்கிக்கொள்ளலாம். இந்த மாதிரி லேப்டாப்பை விட அது எவ்வளவோ மேல். டேலி, பெரிய எக்செல், புராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் லேப்டாப் வேண்டும்தான். அப்போது கடையிலேயே அபவுட் பக்கத்தைத் திறந்து பாருங்கள், சார்ஜர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிராசஸரின் முழு எண், ராம், சீரியல் நம்பர், எத்தனை நாள் வாரண்டி, எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம். பில், ஸ்டிக்கர், அபவுட் பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அக்கா மகள் இப்போதைக்கு டேலியை காலேஜ் லேபில் பழகுகிறாள், மற்றதெல்லாம் போனில்தான்.