சி டிரைவ் நிரம்பிவிட்டதா? கடையில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கடையின் பெயர் வேண்டாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை.

என் ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் ஒரே 1 டிபி ஹார்ட் டிஸ்க். சி டிரைவ் 100 ஜிபி, மீதியெல்லாம் டி. சி நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டி மாதக்கணக்காகிவிட்டது. டி-யில் 250 ஜிபி சும்மா கிடந்தது. மற்ற 580 ஜிபியும் பத்து வருடக் கல்யாண, காதுகுத்துப் படங்கள். "டி-யிலிருந்து 100 ஜிபி எடுத்து சி-யில சேர்க்கணும் தம்பி" என்றேன். "அரை மணி நேர வேலைண்ணே, 800 ரூபாய்." பேக்கப் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். விண்டோஸிலேயே இருக்கும், டிஸ்க்கைப் பிரிக்கிற டிஸ்க் மேனேஜ்மென்ட் டி-யை வால் பக்கம்தான் சுருக்கும். அந்தக் காலி இடம் சி-யை ஒட்டி இருக்காது, அதனால் சி-யை நீட்ட விடாது. சி-க்குப் போக வேண்டுமென்றால் டி-யின் தலைப்பக்கத்தை வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் படங்களையெல்லாம் அதே டிஸ்க்கில் தள்ளித் தள்ளி எழுத வேண்டும். பந்தியில் சாப்பிட உட்கார்ந்தவர்களை இலையோடு தூக்கி நாலு இடம் தள்ளி உட்கார வைக்கிற மாதிரி. நொடிக்கு 100 எம்பி வேகம் என்றாலும் படிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், எழுத அதே அளவு. அரை மணி நேரமாம்!

நடுவில் கரண்ட் போய்விட்டது. மேஜைக்கடியில் யுபிஎஸ் இருக்கத்தான் செய்தது. பேட்டரி செத்துப்போனதால் அதன்மேல் டீ டம்ளர் வைத்திருந்தார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். கரண்ட் வந்ததும் டி-யை ஃபார்மட் செய்யட்டுமா, அதாவது துடைத்துப் புதிதாக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்க, தம்பி சரி என்று அழுத்திவிட்டார். சி-யைப் பெரிதாக்கி விண்டோஸையும் புதிதாக ஏற்றிவிட்டு, "டிஸ்க் பழசுண்ணே, தானாப் போயிடுச்சு" என்று போனில் சொன்னார். பிறகு ரெகவரி ஆளிடம் காட்டினேன். டி ஃபார்மட் ஆன நேரம் டிஸ்க்கிலேயே இருந்தது: மெஷின் கடையில் கிடந்த அன்று மாலை 6:40. மீண்ட படங்களுக்குப் பெயரும் இல்லை, ஃபோல்டரும் இல்லை. ஒன்றில் மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி வரை தெரிகிறது, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

இத்தனைக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை டி-க்கு மாற்றி, சி-யில் இடம் பிடிக்கும் ஹைபர்னேட் வசதியை அணைத்திருந்தாலே கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம். இல்லையா, விண்டோஸுக்கு மட்டும் சின்னதாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் தனியாக வாங்கியிருக்கலாம். வெட்டியே ஆக வேண்டும் என்றால், முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். அப்படி எடுத்துவிட்டால் நகர்த்தும் வேலையே வேண்டாம்: டி-யை அழித்து, சி-யை நீட்டி, மீதியில் புது டி போட்டுத் திரும்ப காப்பி செய்துகொள்ளலாம்.

எனக்குக் கொடுத்த பில்லில் 'சாஃப்ட்வேர் சர்வீஸ் 800' என்று மட்டும் இருக்கிறது. டி டிரைவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் எந்த டிரைவில் கைவைக்கப் போகிறார்கள், டேட்டா போனால் யார் பொறுப்பு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.