ஆடி அமாவாசைக்கு கேட் பேட்டரி தாங்குமா?

தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) கடுமையாக இருந்த நாட்களில், வீட்டு கேட்டைத் திறக்கும் மோட்டாருக்கென்று கடைகளில் வந்து குவிந்த லித்தியம் பேட்டரிதான் இது: 12.8 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி). டர்பனிலோ லெனேசியாவிலோ அலாரம், கேட் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வானத்தைப் படம் எடுக்க இது போதுமா? நட்சத்திரங்களோடு கேமராவை மெல்லத் திருப்பும் டிராக்கர், சாதாரண கேமரா, லென்ஸில் பனி படியாமல் காக்கும் ஒரு ஹீட்டர் பட்டை என்ற சின்ன செட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். சென்சாரைக் குளிர்விக்கும் கூலிங் கேமரா வைத்திருப்பவர்கள் இதில் காசு போட வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். 12.8-ஐ 7-ஆல் பெருக்கினால் 89.6 வாட்-மணி. அதில் 80 வாட்-மணி வரை நிம்மதியாக எடுக்கலாம். அதே அளவு லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எடையும் இரண்டு மடங்குக்கு மேல். கேமராவுக்கு 4 வாட், 12 வோல்ட் டிராக்கருக்கு 4, லென்ஸைச் சுற்றிய ஹீட்டர் பட்டைக்கு 5, ஆக 13 வாட். ஆறு மணி நேரம் ஓடும். ஆடி அமாவாசை இங்கே குளிர்காலத்தில் வருகிறது. முன்னிரவிலேயே கேட்டை நட்சத்திரம் உச்சந்தலைக்கு வந்துவிடும், தனுசு பக்கமிருக்கும் பால்வீதி மையம் பின்னாலேயே வரும். இருட்டு பத்து மணி நேரத்துக்கு மேல் நீளும். எனவே இரண்டு பேட்டரி கொண்டுபோய் நடுராத்திரியில் மாற்றுவதுதான் சரி. ஒன்று நிறைந்தும் ஒன்று இறங்கியும் இருக்கையில் இரண்டையும் இணையாகச் சேர்க்காதீர்கள். நிறைந்ததிலிருந்து மற்றதுக்குள் மின்சாரம் ஒரேயடியாகப் பாயும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். 12.8 என்றிருந்தால் நான்கு செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட். 11.1 என்றிருந்தால் மூன்று செல் கொண்ட வேறு ரகம், நிறைந்திருக்கும்போதே 12.6 வோல்ட்தான், பாதி ராத்திரியில் 11-க்கு இறங்கிவிடும். 11 வோல்ட்டுக்குக் குறைந்தால் பல மவுண்ட்கள் (கேமராவையோ தொலைநோக்கியையோ தாங்கித் திருப்பும் மோட்டார் தாங்கிகள்) தடுமாறும். பக்கத்திலேயே விற்கும் ரவுட்டர் யுபிஎஸ் பெட்டியில் 8800 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது 3.7 வோல்ட் கணக்கு. மொத்தம் 33 வாட்-மணிக்குள் அடங்கிவிடும்.

கேமராவுக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுக்கவே கூடாது. கேனனின் எல்பி-ஈ6, சோனியின் எஃப்இசட்100 இரண்டுமே 7.2 வோல்ட் பேட்டரிகள். கேமராவுக்குள் பேட்டரிக்குப் பதிலாகச் செருகும் டம்மி பேட்டரிக்கு முன்னால், வோல்ட்டைக் குறைக்கும் ஒரு பக் கன்வெர்ட்டர் வையுங்கள். கேமராவைச் சேர்க்காமல், மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து, திருகைத் திருப்பி 7.6-க்குக் கொண்டுவாருங்கள். திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விட்டால் வண்டி அதிர்ச்சியில் நகராது.

ராத்திரியில் செட் நின்றுபோனால் எல்லோரும் பேட்டரியைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் ஒயரில். 0.5 சதுர மி.மீ. ஒயர் 3 மீட்டர் என்றால், போக வர 6 மீட்டர். 5 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட்டே அதில் தொலைகிறது. மவுண்ட் வேகமாகத் திரும்பும் நொடியில் யுஎஸ்பி தொடர்பு அறுவதும், வானத்துக்குப் பொருத்திவைத்த அலைன்மென்ட் அழிவதும் இதனால்தான். 2.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட். சிகரெட் லைட்டர் பிளக்கை ஒதுக்கிவிடுங்கள்; அதன் நுனி ஸ்பிரிங் மெல்லப் பின்வாங்கி, குளிரில் தொடர்பு விடும். ஆண்டர்சன் பவர்போல் இணைப்பு பிடித்தால் விடாது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். இந்தச் சின்ன செட்டுக்கு 5 ஆம்பியர் போதும். இன்னொன்று: 5.5×2.5 பிளக் 5.5×2.1 சாக்கெட்டில் நுழைந்துவிடும், ஆனால் உள்ளே ஆடும். தொட்டால் அணைகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மிச்சம் எவ்வளவு என்று வோல்ட்மீட்டர் சொல்லாது. கடைசி வரை 13-ஐ ஒட்டியே நிற்கும், பிறகு தடாலென்று விழும், பேட்டரிக்குள் இருக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் துண்டித்துவிடும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.

சதர்லாந்து போகிறவர்களுக்கு: சால்ட் தொலைநோக்கி நிற்கும் அந்த மேட்டுப் பகுதியில் குளிர்கால இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் மின்சாரம் எடுப்பதில் ஆபத்தில்லை. சார்ஜ் ஏற்றுவதுதான் கூடாது. விடிந்ததும் உறைந்த பேட்டரியில் சோலார் பேனலைச் சொருகினால் லித்தியம் உலோகமாகப் படிந்து, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். ராத்திரி பூராவும் கூலர் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். காலையில் 5 டிகிரி தாண்டிய பிறகே ஏற்றுங்கள். சார்ஜர் 14.6 வோல்ட் லித்தியம் ரகமாக இருக்கட்டும். லெட்-ஆசிட் சார்ஜரில் இருக்கும், உயர் வோல்ட் துடிப்புகளை அனுப்பும் டிசல்ஃபேட் முறை இதற்கு விஷம்.

கூலிங் கேமரா, ஈக்யூ6 மாதிரி கனமான மவுண்ட், மினி பிசி, இரண்டு ஹீட்டர் என்றால் 4 ஆம்பியர் வரை இழுக்கும். இந்த பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. 50 ஏ.எச். வாங்குங்கள், அப்போதும் ஹீட்டரைக் குறைத்து வைத்தால்தான் விடியும் வரை தாங்கும். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டாக்கி மறுபடி 12-க்கு இறக்குவது வீண் செலவு.

டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் பறந்து அங்கிருந்து சதர்லாந்து இருக்கும் கரூ வறண்ட நிலத்துக்கு வண்டியெடுப்பவர்களுக்கு 7 ஏ.எச்.தான் பொருத்தம். விமானத்தில் உபரி லித்தியம் பேட்டரி 100 வாட்-மணிக்குள் இருந்தால் கைப்பையில் அனுமதி உண்டு, செக்-இன் பெட்டியில் கிடையாது. 89.6 வாட்-மணி என்று லேபிளில் அச்சாகியிருப்பதையே வாங்குங்கள். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் வையுங்கள்.