குவோஹி கோபுரம்: படி இல்லை, ஆனாலும் ஏற முடியாது

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலையில், 2,025 மீட்டர் உயர உச்சியில், 1959-இல் கட்டிய காங்கிரீட் கோபுரம். படிக்கட்டே கிடையாது, 114 மீட்டர் சாய்தளம் சுருளாகச் சுற்றி, சுமார் 13.7 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. படத்தில் பார்ப்பவர்கள் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் என்று நினைப்பார்கள். போகாது. சாய்வு 12 சதவீதம். சக்கர நாற்காலிச் சாய்தளங்களுக்கு அமெரிக்காவின் இன்றைய விதி 1:12, அதாவது அதிகபட்சம் 8.33 சதவீதம்தான், 76 சென்டிமீட்டர் ஏறுவதற்குள் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். அந்தக் கணக்கில் இதே உயரத்துக்கு 165 மீட்டர் சாய்வும் 17 இடைத்தளங்களும் என, ஏறக்குறைய 190 மீட்டர் தேவை.

அதைவிடப் பெரிய குறை கீழே இருக்கிறது. வாகன நிறுத்தத்திலிருந்து கோபுரம் வரை 800 மீட்டர் தார்ப்பாதை, சாய்வு 13 சதவீதம். கோபுரத்தை மட்டும் திருத்தினால் யாருக்குப் பயன்? இப்படி ஒன்றை வடிவமைப்பவர்கள் முதலில் அணுகுபாதையின் சாய்வை அளக்க வேண்டும், பிறகுதான் கோபுரத்தை வரைய வேண்டும்.

நடக்க முடிந்தவர்களுக்குக் காட்சி அருமை. ஸ்வெட்டர் அவசியம், கோடையிலும் மேலே குளிரும். சக்கர நாற்காலியில் வருபவர்கள் வாகன நிறுத்தத்திலிருந்தே மலைத்தொடரை நன்றாகப் பார்க்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை சாலை மூடியிருக்கும்.